கடிகாரத்தோடுதான் போட்டி

நம்ம பந்திங் தோட்டத்துப் பையன், என் தம்பி, நாளை செப்பாங் கார்ப் பந்தயத் தடத்தில் டைம் அட்டாக் போட்டியில் கார் ஓட்டுகிறான். யாரை முந்தணும் என்று பலர் கேட்கிறீர்கள். யாரையும் இல்லை, கடிகாரத்தைத்தான். ஒரு சுற்று 5.543 கிலோமீட்டர், 15 வளைவுகள், ஓடுகிற சுற்றுகளில் எது வேகமோ அது மட்டும்தான் கணக்கு. முதலில் ஒரு சுற்று டயரைச் சூடாக்க, அடுத்தது முழு வேகத்தில், அப்புறம் மெதுவாக ஓட்டி எஞ்சினையும் பிரேக்கையும் ஆறவிடணும். நம்ம வெயிலில் டயர் சீக்கிரம் கொதித்துப் பிடி போய்விடும், அதனால் அந்த முதல் வேகச் சுற்று ரொம்ப முக்கியம்.

கார் பழைய புரோட்டோன் சத்ரியா. எடை குறைய பின்சீட்டைக் கழற்றியாச்சு. நேற்றிரவு பிரேக் எண்ணெய் மாற்றும்போது, குழாயில் கடைசிக் காற்றுக் குமிழி வெளியேறும்வரை பெடலை மிதித்துக்கொண்டிருந்தது அப்பாதான், செம்பனை ஆலையில் வேலை முடிந்து வந்த களைப்போடு. 14-ஆவது வளைவில் திரும்பிக்கொண்டே பிரேக் பிடிக்கணும், அங்கே தடுமாறினால் அதற்கடுத்த நீண்ட நேர்ப்பாதை முழுக்க நேரம் போய்விடும்.

பணக்காரர் விளையாட்டு என்று மட்டும் சொல்லாதீங்க. சம்பளத்தில் மிச்சம் பிடித்து டயர் வாங்கியவன் அவன். முடிந்தவர்கள் காலையிலேயே வாங்க, சாப்பாடு அம்மா கட்டித் தருகிறார்.