37 அங்குலத்திலிருந்து 34: மாதவிலக்கு நிற்கும் வயதில் என் வயிறு குறைந்த விதம்

கோயமுத்தூர் புலியகுளத்தில் 19 வருடமாகத் தையல் கடை வைத்திருக்கிறேன். வருகிறவர்களின் அளவை நோட்டில் எழுதி வைப்பது வழக்கம். பழைய நோட்டு எதையும் தூக்கிப் போட்டதில்லை. என் அளவும் அதில் இருக்கிறது. 2019 தீபாவளிக்கு எனக்கு நானே சுடிதார் தைத்தபோது எழுதியது: இடுப்பு 32, சீட் (பின்பக்கச் சுற்றளவு) 40. 2023 ஆடி மாதம் மறுபடி டேப்பைப் பிடித்தபோது இடுப்பு 37, சீட் 40½. இந்த நாலு வருடத்தில் எடை கூடியது 3 கிலோதான், 65 இருந்தது 68 ஆகியிருந்தது. கை, தொடை எல்லாம் அப்படியே இருக்க, வயிற்றில் மட்டும் 5 அங்குலம் ஏறியிருந்தது. அப்போது எனக்கு 46 வயது.

அன்றைக்கு உட்கார்ந்து மற்றவர்களின் பக்கங்களையும் புரட்டினேன். பத்துப் பதினைந்து வருடமாக என்னிடமே தைக்கிறவர்கள் நிறைய. 44, 45 தாண்டியதும் பல பேருக்கு இதே கதைதான். சீட் அளவு பெரிதாக நகராது, இடுப்பு ஏறிக்கொண்டே போகும். "உள்ள ரெண்டு இஞ்ச் துணி விட்டுத் தைங்கக்கா, அப்புறம் பிரிச்சுக்கலாம்" என்று கேட்காதவர்கள் குறைவு. கேட்கும்போதே, "வாயக் கட்ட முடியலீங்க" என்று தங்களையே திட்டிக்கொள்வார்கள். நானும் என்னை அப்படித்தான் திட்டிக்கொண்டிருந்தேன்.

அந்த வருடம் ஆவணியில் தெரிந்தவர் ஒருவர் மூலம் ஒரு பவுடர் வாங்கினேன். பேர் வேண்டாம். காலையும் இரவும் அதைக் கரைத்துக் குடித்துவிட்டு மதியம் மட்டும் கொஞ்சம் சோறு. இரண்டு மாதத்தில் 5 கிலோ இறங்கியது. எல்லோரும் "இளைச்சுட்டீங்க" என்றபோது சந்தோஷமாகத்தான் இருந்தது. ஆனால் தலை சீவினால் சீப்பு நிறைய முடி வந்தது. கட்டிங் டேபிளில் நின்று துணி வெட்டும்போது கத்தரி பிடித்த கை நடுங்கியது. தீபாவளி வேலை நெருக்கத்தில் முடியாமல் நிறுத்தினேன். மாசி மாதத்துக்குள் 5 கிலோவும் திரும்பி வந்துவிட்டது. இடுப்பு பழையபடி 37. தொடை மட்டும் முன்பைவிட மெலிந்திருந்தது. பட்டினி கிடந்ததில் கொழுப்போடு தசையும் போய், திரும்பி வந்தது கொழுப்பாகவே வந்திருக்கிறது என்பது அப்போது எனக்குத் தெரியாது.

அதைவிடப் பெரிய தப்பு ஒன்று பண்ணிக்கொண்டிருந்தேன். மாதவிலக்கு 20 நாளில் வரும், சில சமயம் 50 நாள் ஆகும். வந்தால் ஒன்பது நாள் நிற்காது, கட்டி கட்டியாகப் போகும். நிற்கிற வயசில் அப்படித்தான் இருக்கும் என்று அம்மா சொன்னார், பக்கத்து வீட்டு அக்காவும் சொன்னார், விட்டுவிட்டேன். 2024 பங்குனி உத்திரத்துக்கு மருதமலை போனோம். பாதிப் படிகூட ஏறவில்லை, நெஞ்சு படபடவென்று அடித்து மூச்சு வாங்கி உட்கார்ந்துவிட்டேன். அடுத்த நாளே மகள் டாக்டரிடம் கூட்டிப் போனாள்.

ரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபின் 9.2. பெண்களுக்கு 12க்குக் குறையக் கூடாது. தைராய்டு சரியாக இருந்தது. மூன்று மாதச் சர்க்கரை சராசரி 6.1. 5.7 முதல் 6.4 வரை என்றால் சர்க்கரை நோய்க்கு முந்தைய நிலையாம். ஸ்கேனில் கருப்பையில் சின்னதாக ஒரு ஃபைப்ராய்டு கட்டி, பயப்பட ஒன்றுமில்லை என்றார்கள்.

வயிற்றைக் காட்டி அழுதேவிட்டேன். அந்த டாக்டரம்மா நிதானமாகச் சொன்னார்: "இத நீங்க தின்னு சேர்த்ததுன்னு நினைக்காதீங்கம்மா. மாதவிலக்கு நிக்கிறதுக்கு முன்னாடி சில வருஷம் ஈஸ்ட்ரோஜன்ங்கிற பெண் ஹார்மோன் ஏறி இறங்கி, கடைசியில குறைஞ்சுபோகும். அது இருந்தவரைக்கும் கொழுப்பு இடுப்புக்குக் கீழ, தொடையில சேரும். அது குறையும்போது வயித்துக்குள்ள, குடலச் சுத்திச் சேர ஆரம்பிக்கும். முதல்ல ரத்தத்த ஏத்துவோம். 9 ஹீமோகுளோபின வெச்சுக்கிட்டு உங்கள ஓடச் சொன்னா அது பாவம்."

நம் நாட்டுப் பெண்களுக்குச் சராசரியாக 46, 47 வயதில் மாதவிலக்கு நின்றுவிடுகிறது, மேலைநாடுகளில் 51 வாக்கில் என்றும் சொன்னார். தொடர்ந்து 12 மாதம் வராமல் இருந்தால்தான் நின்றுவிட்டது என்று கணக்கு. அதற்குப் பிறகு ஒரு சொட்டு பட்டாலும் உடனே வந்து காட்ட வேண்டும் என்று இரண்டு முறை சொன்னார். ஹார்மோன் மாத்திரை பற்றிக் கேட்டேன். வயிறு குறைவதற்காக அதைக் கொடுப்பதில்லை, உடம்பு திகுதிகுவென்று எரிவது, இரவு வியர்வை எல்லாம் தாங்க முடியாமல் இருந்தால் யோசிக்கலாம் என்றார்.

நாலு மாதம் இரும்புச்சத்து மாத்திரை. டீ, காபியோடு சேர்த்துப் போட்டால் உடம்பில் ஒட்டாது என்பதால் காலையில் எலுமிச்சை ஜூஸோடு போட்டுவிட்டு, ஒன்றரை மணி நேரம் கழித்துத்தான் டீ. உதிரப்போக்கு அதிகமுள்ள நாள்களுக்கு மட்டும் தனியாக ஒரு மாத்திரை. ஆவணியில் ஹீமோகுளோபின் 11.8 ஆனது. உடற்பயிற்சி என்று நான் எழுதப்போவது எதுவும் இந்த நாலு மாதம் இல்லாமல் நடந்திருக்காது. இதைப் படிக்கிறவர்கள் முதலில் ரத்தம் பாருங்கள்.

அளவு எடுப்பதிலும் டாக்டர் ஒன்று சொல்லிக்கொடுத்தார். நாங்கள் தையலுக்கு எடுக்கிற இடம் வேறு. கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவில் டேப்பைச் சுற்றி, மூச்சை வெளியே விட்டபின் படிக்க வேண்டும். நான் வயிற்றை எக்கிக்கொண்டு அளந்து பழகியவள். நம் பெண்களுக்கு 80 சென்டிமீட்டருக்குள், அதாவது 31½ அங்குலத்துக்குள் இருப்பது நல்லது. அவர் சொன்ன இடத்திலும் எனக்கு 37தான், 94 சென்டிமீட்டர். அன்றிலிருந்து மாதம் ஒரு முறை டேப். எடை மெஷினில் தினமும் ஏறுவதை விட்டுவிட்டேன்.

வைகாசியில் எங்கள் ஊர் ரேஸ்கோர்ஸ் நடைபாதையில் நடக்க ஆரம்பித்தேன். ஒரு சுற்று சுமார் இரண்டரை கிலோமீட்டர். முதலில் ஒன்று, போகப் போக இரண்டு. மனசு லேசானது, சாப்பிட்டபின் வருகிற மந்தம் போனது. ஆனால் மூன்று மாதத்துக்குப் பிறகும் டேப்பில் அரை அங்குலம்தான் மாற்றம். கூடவே வலது முட்டியில் வலி. அந்த வலிக்காக ஒரு பிசியோதெரபிஸ்டிடம் போனதுதான் என் நல்ல நேரம்.

என் மகளைவிட நாலைந்து வயது மூத்த பொண்ணு. என்னை நாற்காலியில் உட்கார்ந்து கை ஊன்றாமல் எழச் சொன்னாள். ஏழாவது தடவை எழ முடியவில்லை. "ஆன்ட்டி, முட்டி நல்லாத்தான் இருக்கு. தொடையிலதான் பலமே இல்ல. முப்பது வயசுக்கு மேல பத்து வருஷத்துக்கு 3 முதல் 8 சதவீதம் தசை கரையும். நீங்க ஒம்பது மணி நேரம் மெஷின்ல உக்காந்திருக்கீங்க" என்றாள். வாரத்துக்கு 150 நிமிட நடையோடு இரண்டு நாளாவது தசைக்கு வேலை கொடுக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனமே சொல்கிறதாம். நான் முதல் பாதியை மட்டும் கேள்விப்பட்டிருந்தேன்.

"எடை தூக்குனா உடம்பு முறுக்கேறி ஆம்பள மாதிரி ஆயிராதா கண்ணு?" என்று கேட்டேன். "அந்த அளவுக்கு ஏத்தறதுக்கு நம்ம ஹார்மோன் பத்தாதுங்க ஆன்ட்டி, தைரியமா தூக்குங்க" என்றாள்.

கடையைத் திறக்கும் முன், திங்கள், புதன், வெள்ளி, அரை மணி நேரம். கட்டிங் டேபிள்தான் என் ஜிம். அதன் விளிம்பில் கை ஊன்றி உடம்பைச் சாய்த்து எழுவது. நாற்காலியில் உட்கார்ந்து எழுவது, பின்பு நாற்காலி இல்லாமல். மல்லாந்து படுத்து முட்டியை மடக்கி இடுப்பைத் தூக்குவது. குனிந்து டம்பெல்லை விலாப் பக்கம் இழுப்பது. கடைசியாக, தரையிலிருந்து அரிசிப் பையைத் தூக்குவது. இதில்தான் ரொம்பத் திருத்தினாள். முதுகை வளைக்காமல், பின்பக்கத்தைப் பின்னால் தள்ளி, பையைக் காலோடு ஒட்டி, மூச்சை விட்டுக்கொண்டே எழ வேண்டும். எல்லாம் பத்துப் பத்தாக மூன்று சுற்று. 2 கிலோ டம்பெல்லில் தொடங்கினேன், பத்தும் சுலபமானால் எடையைக் கூட்ட வேண்டும். இப்போது 6 கிலோ. அரிசிப் பை 5 கிலோவிலிருந்து 20 ஆகியிருக்கிறது.

வயிற்றுக்கென்று தனிப் பயிற்சி கேட்டேன். படுத்து எழுந்து வயிற்றை மடக்கினால் அங்கேயுள்ள தசை பலமாகும், மேலேயுள்ள கொழுப்பு அந்த இடத்தில் மட்டும் கரையாது என்று சொல்லிவிட்டாள்.

வெட்கப்பட்டு யாரும் சொல்லாத ஒன்றையும் எழுதிவிடுகிறேன். கயிறு தாண்டிக் குதித்தபோதும், தும்மினாலும், எனக்குச் சொட்டுச் சிறுநீர் வந்துவிடும். இரண்டு பிரசவத்துக்குப் பிறகு இந்த வயதில் இது நிறையப் பேருக்கு உண்டு. அதற்காகவே பயிற்சி என்றால் ஓடி ஒளிகிறவர்கள் இருக்கிறார்கள். சிறுநீரை அடக்குவதுபோல் இடுப்புக்கூட்டின் அடித்தளத் தசையைச் சுருக்கி, ஐந்து எண்ணி, ஐந்து எண்ணும்வரை முழுதாகத் தளர்த்த வேண்டும். பத்துத் தடவை, நாளைக்கு மூன்று வேளை. சிறுநீர் போகும்போது செய்து பார்க்கக் கூடாது. நான் மெஷினில் உட்கார்ந்தபடியே காஜா கட்டும்போது செய்தேன். மூன்று மாதத்தில் தும்மலுக்குப் பயப்படுவது நின்றது.

சாப்பாட்டில் எதையும் ஒழிக்கவில்லை, ஒன்றைத் தவிர. கடையில் யார் வந்தாலும் டீ. நாளைக்கு ஆறு டீ, ஒவ்வொன்றிலும் இரண்டு ஸ்பூன் சீனி. 12 ஸ்பூன் என்றால் கிட்டத்தட்ட 50 கிராம். 25 கிராமுக்குள் இருந்தால் நல்லது என்கிறார்கள். கூடவே சாயங்காலம் பேக்கரியிலிருந்து தேங்காய் பன்னோ பஃப்ஸோ. கோயமுத்தூரில் தெருவுக்கு ஒரு பேக்கரி இருக்கும்போது அது தானாக நடக்கும். இப்போது இரண்டு டீ, அரை ஸ்பூன் சீனி, நாலு மணிக்கு மேல் டீ கிடையாது. பன்னுக்குப் பதிலாகச் சுண்டல்.

மற்றபடி தட்டின் கணக்கு மாறியது. காலையில் நாலு இட்லியும் தேங்காய்ச் சட்னியும் இருந்த இடத்தில் இரண்டு இட்லி, இரண்டு முட்டை, இல்லாவிட்டால் பச்சைப்பயறு கடைசல். மதியம் சோறு பாதி, பொரியல் இரண்டு மடங்கு, கெட்டியாகக் கொள்ளுப் பருப்பு, தயிர். நாளைக்கு 60 கிராம் புரதம் எனக்கு வேண்டும் என்று கணக்குப் போட்டுக் கொடுத்தார்கள். இரண்டு முட்டையில் 12தான் வருகிறது, அதனால் மூன்று வேளையும் கவனிக்க வேண்டும். என் மாமியார் கொள்ளு ரசம் குடித்தால் வயிறு கரையும் என்பார். தெளிந்த ரசத்தில் புரதம் ஏது? பருப்பைக் கடைந்து சாப்பிட்டால்தான் பலன். அத்தையும் இப்போது என்னோடு கடைசல்தான் சாப்பிடுகிறார்.

கஷ்டமாக இருந்தது தூக்கம்தான். ராத்திரி இரண்டு, மூன்று மணிக்கு உடம்பு எரிந்து நைட்டி நனைந்து எழுந்துவிடுவேன். தூக்கம் கெட்ட மறுநாள் பசி அடங்காது, இனிப்பைத் தேடும். இது போதாதென்று முகூர்த்த மாதங்களில் இரவு ஒரு மணிவரை தைப்பேன். ஒன்பதரைக்கு மேல் மெஷின் இல்லை என்று முடிவெடுத்தேன். தை மாதம் பத்து, பன்னிரண்டு பிளவுஸை வேறு கடைக்கு அனுப்ப வேண்டி வந்தது. வருமானம் குறைந்தது, வீட்டில் பேச்சும் வந்தது. ஆனாலும் நிறுத்தவில்லை. இரவுச் சாப்பாட்டை ஏழரைக்கு முடித்துப் பதினைந்து நிமிடம் தெருவில் நடந்துவிட்டுப் படுத்தால் ஆறரை மணி நேரம் தூங்குகிறேன். எரிச்சல் போகவில்லை, குறைந்திருக்கிறது.

எடை தூக்க ஆரம்பித்துப் பதினாறு மாதம் ஆகிறது. எடை 64, இடுப்பு 34, மூன்று மாதச் சர்க்கரை 5.7, ஹீமோகுளோபின் 12.4. ஐந்தாவது மாதத்திலிருந்து எட்டாவது மாதம்வரை டேப் ஒரு நூல்கூட அசையவில்லை. அப்போது நோட்டில் எத்தனை கிலோ தூக்கினேன் என்பதைத்தான் பார்த்துக்கொண்டேன், அது ஏறிக்கொண்டிருந்தது. 31½ வர இன்னும் இரண்டரை அங்குலம் இருக்கிறது.

போன மாதம் வாடிக்கையாளர் ஒருவர் கல்யாணத்துக்கு மூன்று பிளவுஸ் கொடுத்தார். 45 வயது. அளவெடுக்கும்போது வழக்கம்போல, "உள்ள ரெண்டு இஞ்ச் விட்டுருங்கக்கா" என்றார். கண்ணின் கீழிமை வெளுத்திருந்தது. டேப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டு, "அம்மிணி, மாசத்துல எத்தன நாள் போகுது?" என்று கேட்டேன். தயங்கித் தயங்கிப் பத்து நாள் என்றார். உட்கார வைத்து என் ரிப்போர்ட்டை எடுத்துக் காட்டினேன். பிளவுஸ் வாங்க வந்தபோது அவருடைய ரிப்போர்ட்டையும் கொண்டுவந்தார். ஹீமோகுளோபின் 8.7. மாத்திரை ஆரம்பித்துவிட்டாராம்.