தமிழ்த் தாள் மட்டும்

விருதுநகரில் அரசு வேலைக்கான குரூப் 4 தேர்வுப் பயிற்சி மையங்களுக்குக் குறைவில்லை. நான் நடத்துவது தமிழ்த் தகுதித் தாளுக்கு மட்டும். அதுவும் கல்யாணத்துக்குப் பிறகு மறுபடி புத்தகத்தைத் தொடும் பெண்களுக்கு. 150க்கு 60 எடுக்காவிட்டால் மீதிப் பகுதியைத் திருத்தவே மாட்டார்கள். தமிழ்தானே என்று மற்றவர்கள் அலட்சியமாக விடும் இடத்தில்தான் எனக்குப் பிழைப்பு.

உள்ளூர் நிருபரிடம் நோட்டீஸை நீட்டினேன். "இது விளம்பரம் அக்கா, செய்தி எங்கே?" என்றார். நியாயம்தான். வகுப்புக்கே வரச் சொன்னேன். தூங்கும் குழந்தையை மடியில் கிடத்திக்கொண்டு ஒருத்தி 'பிரித்து எழுதுக' பயிற்சியில் மூழ்கியிருந்தாள். மாவட்டப் பக்கத்தில் அந்தப் படம் வந்தது. என் பெயர் கடைசி வரியில், எழுத்துப்பிழையோடு. போகட்டும், மதியத்துக்குள் போன் ஓயவில்லை. பாதிப் பேர் கணக்குக்கும் வகுப்பு உண்டா என்று கேட்டார்கள். இல்லை என்றேன்.