23 ரங்கூன் கவர்களும் ஒரு கார்டும்

போன தை மாதம் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் ஒரு பழைய சாமான் கடையில் நின்றுகொண்டிருந்தேன். மரத்தூண், பெல்ஜியம் கண்ணாடி, எனாமல் தூக்குவாளி, சட்டம் போட்ட சாமி படங்கள் என்று கடை முழுக்க இடித்த வீடுகளின் சாமான்தான். நான் எப்போது போனாலும் கேட்பது ஒன்றே ஒன்று: "காகிதம் ஏதாவது வந்திருக்கா அண்ணே?" அவர் மேசைக்கு அடியிலிருந்து ஒரு தகரப் பெட்டியை இழுத்துப் போட்டார். தேவகோட்டைப் பக்கம் ஒரு வீட்டைப் பிரித்தபோது வந்ததாம். உள்ளே சணல் கயிற்றால் கட்டிய கவர்கள். "ஸ்டாம்பை மட்டும் வெட்டித் தந்திரவா தம்பி? கவரெல்லாம் பூச்சி அரிச்சுக் கெடக்கு" என்று சொல்லிக்கொண்டே கத்தரிக்கோலை எடுத்துவிட்டார். பதறிப்போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

பதறியதற்குக் காரணம் உண்டு. பதினோரு வயதில், ஒரு கோடை விடுமுறையில், தாத்தாவின் பெட்டியில் இருந்த அத்தனை கவர்களிலும் ஸ்டாம்பை வெட்டி, கிண்ணத்துத் தண்ணீரில் ஊறவைத்து, உரித்து, நோட்டில் ஒட்டியவன் நான். அந்த நோட்டு இன்னமும் இருக்கிறது. அதிலிருக்கும் ஸ்டாம்பு ஒவ்வொன்றும் எந்தக் கடையிலும் கிடைக்கும். தாத்தாவுக்கு யார் எழுதினார்கள், எங்கிருந்து எழுதினார்கள், எத்தனை நாளில் வந்தது என்பது மட்டும் இனி எங்கேயும் கிடைக்காது. இருபது வருஷமாக முழுக் கவர் மட்டுமே சேர்க்கிறேன் என்றால், அதன் தொடக்கம் அந்தக் கிண்ணத்துத் தண்ணீர்தான்.

சரி, பெட்டிக்கு வருகிறேன். மொத்தம் 23 கவர், ஒரு கார்டு. உள்ளே கடிதம் எதுவும் இல்லை, கவர்கள் காலி. எல்லாமே ஒரே கையெழுத்து, ஒரே முகவரி. எழுதியவர் ரங்கூன் மொகல் தெருவில் ஒரு கடையில் இருந்தவர். நகரத்தார் கடைகள் வரிசையாக இருந்த தெரு அது. கவரின் பின்பக்கம் கடையின் விலாசத்தை, அதாவது கடையை அடையாளம் காட்டும் இனிஷியல் வரிசையை, ரப்பர் முத்திரையாகக் குத்தியிருக்கிறது. முதலாளி வீட்டு ஆளா, சம்பளத்துக்குப் போய்க் கடையை நடத்திய மேலாளா, அவருக்குக் கீழே இருந்த அடுத்தாளா என்று அதை வைத்து மட்டும் சொல்லிவிட முடியாது. ஆனால் கவர்களைத் தேதிவாரியாக மேசையில் பரப்பினால் கொஞ்சம் கொஞ்சமாகப் பேச ஆரம்பிக்கின்றன.

அதில் இரண்டு கவர்களை மட்டும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரு முழு ராத்திரி பார்த்துக்கொண்டிருந்தேன். ஒன்று 1937 மார்ச் 17-ம் தேதி ரங்கூனில் முத்திரை விழுந்தது. இன்னொன்று அதே வருஷம் ஏப்ரல் 21. கையெழுத்து ஒன்று, முகவரி ஒன்று, கவர்த் தாள்கூட ஒரே கட்டிலிருந்து எடுத்தது போலத்தான் இருக்கிறது. இரண்டிலும் ஸ்டாம்பில் இருப்பது ஐந்தாம் ஜார்ஜ், அவர் 1936 ஜனவரியிலேயே இறந்துவிட்டார் என்றாலும். மார்ச் மாதத்து ஸ்டாம்பு சாதாரண இந்திய ஸ்டாம்பு. ஏப்ரல் மாதத்து ஸ்டாம்பில் அதே ராஜா தலைக்கு மேலாகப் பர்மா என்று ஆங்கிலத்தில் ஐந்தெழுத்து கறுப்பு மையில் அச்சாகியிருக்கிறது. நடுவில் நடந்தது இதுதான்: 1937 ஏப்ரல் 1 அன்று பர்மாவை இந்தியாவிலிருந்து நிர்வாக ரீதியாகப் பிரித்துவிட்டார்கள். அதுவரை ரங்கூனும் தேவகோட்டையும் ஒரே தபால் இலாகாவின் இரண்டு ஊர்கள். புது ஸ்டாம்புக்குப் படம் வரைந்து அச்சடிக்க நேரமில்லாததால் இருக்கிற இந்திய ஸ்டாம்பின் மேலேயே பெயரைக் குத்தி விற்றார்கள். பர்மாவுக்கென்று வரைந்த ஸ்டாம்புகள் 1938-ல்தான் வந்தன. மொகல் தெருவில் உட்கார்ந்து வாரக் கடுதாசி எழுதிய அந்த மனுஷர், எப்போதும் போல ஸ்டாம்பு வாங்கி எப்போதும் போல ஒட்டியிருக்கிறார். அவர் உட்கார்ந்த இடத்திலிருந்து நகரவே இல்லை, நாடு மாறிவிட்டது. ஸ்டாம்பை வெட்டி எடுத்திருந்தால் கையில் இரண்டு சில்லறை ஸ்டாம்பு மிஞ்சியிருக்கும், அவ்வளவுதான்.

முன்பக்க முத்திரையைவிடப் பின்பக்க முத்திரை எனக்குப் பிடிக்கும். அந்தக் காலத்தில் தபால் வந்து சேர்ந்த ஊரிலும் ஒரு முத்திரை குத்துவார்கள், சில சமயம் வழியில் பிரித்த இடத்திலும். மார்ச் 17 கவரின் பின்னால் தேவகோட்டை முத்திரை மார்ச் 24. ஏழு நாள். மை மங்கிப்போய் முதலில் ஒன்றும் தெரியவில்லை. விளக்கை அணைத்துவிட்டு, டார்ச்சைக் கவருக்குப் பக்கவாட்டில் படுக்கவைத்தாற்போல் பிடித்தால் உலோக முத்திரை அழுந்திய பள்ளம் நிழல் விழுந்து தெரியும். பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ் ஒன்று இருநூறு, முந்நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது, அது போதும். அப்படியும் தெரியாததை போனில் படம் எடுத்து வெளிச்சத்தைக் கூட்டிக் குறைத்துப் பார்த்தால் பாதி எழுத்து வந்துவிடும். மீதி எழுத்துக்கு ஊர்ப்பெயர் தெரிந்திருக்க வேண்டும், அதுவும் பழைய ஆங்கில ஸ்பெல்லிங்கில். திருநெல்வேலி டின்னவெல்லி என்றும், தஞ்சாவூர் டாஞ்சூர் என்றும், நாகப்பட்டினம் நெகபட்டாம் என்றும் முத்திரையில் இருக்கும். தபால் இலாகா அந்தக் காலத்தில் அச்சிட்ட தபால் நிலையப் பட்டியல்களின் ஸ்கேன் பிரதிகள் கிடைக்கின்றன. தலையணை மாதிரி புத்தகம், ஆனால் வருஷத்துக்கு வருஷம் ஒப்பிட்டால் எந்த ஊரில் தபால் நிலையம் எப்போது வந்தது, எப்போது மூடினார்கள் என்று பிடித்துவிடலாம்.

23 கவரின் புறப்பட்ட தேதியையும் வந்து சேர்ந்த தேதியையும் ஒரு தாளில் எழுதினேன். பெரும்பாலானவை புதன்கிழமை தபாலில் சேர்த்தவை. வாரக் கணக்கு முடிக்கும் நாளா, கப்பல் தபால் கட்டும் நாளா என்று பார்க்க, பழைய செய்தித்தாள்களின் கப்பல் விளம்பரங்களோடு ஒப்பிட்டுக்கொண்டிருக்கிறேன். அப்புறம் இன்னொன்று கண்ணில் பட்டது. 1938 ஜூனிலிருந்து 1939 ஜனவரி வரை ஒரு கவர்கூட இல்லை. முதல் கவர் 1935 மே. நகரத்தார் கடைகளில் சம்பளத்துக்குக் கொண்டுவிக்க (கடல் தாண்டித் தொழில் பார்க்க) போகிறவர்களுக்கு மூன்று வருஷக் கணக்கு. கணக்கு முடித்து ஊருக்கு வந்து சில மாதம் இருந்துவிட்டு மறுபடி கப்பல் ஏறுவார்கள். 1935 மே, 1938 மே, மூன்று வருஷம். ஆக, முதலாளி இல்லை, சம்பளத்து ஆள் என்றுதான் நான் நினைக்கிறேன். அந்த ஏழெட்டு மாதம் அவர் கடுதாசி எழுத வேண்டிய தேவை இல்லாமல் வீட்டில் இருந்திருக்கிறார். ஒரு வரிகூடப் படிக்காமல், இல்லாத கவரிலிருந்து இதைத் தெரிந்துகொண்டபோது எனக்கு ஏற்பட்ட சந்தோஷத்தைச் சொல்லி மாளாது.

கவர் கிடைக்காதவர்கள் கார்டிலிருந்து தொடங்கலாம் என்று யார் கேட்டாலும் சொல்வேன். ஸ்டாம்பு தனியாக ஒட்டத் தேவையில்லாமல் அதிலேயே அச்சாகி வரும் கார்டு, கவர், இன்லண்ட் லெட்டர் எல்லாம் தனி உலகம். இந்தியாவில் போஸ்ட் கார்டு வந்தது 1879 ஜூலை 1 அன்று. விலை காலணா, அதே விலையில் நாற்பது வருஷத்துக்கு மேல் ஓடியது. நம் வீட்டுப் பெரியவர்கள் காலணா கார்டு, முக்காலணா கார்டு என்று சொன்னது இந்த விலையைத்தான். இன்லண்ட் லெட்டர் ரொம்பப் பிந்தி, 1950 அக்டோபர் 2-ல் வந்தது. இவற்றில் தேதி முத்திரை அழிந்திருந்தாலும் வேறு வழியில் காலத்தைப் பிடிக்கலாம். நயா பைசா என்று இருந்தால் 1957 ஏப்ரலுக்குப் பிந்தியது. முகவரியில் மதராஸ்-4, மதராஸ்-17 என்று மட்டும் இருந்தால் பெரும்பாலும் பின்கோடுக்கு முந்தியது, பின்கோடு வந்தது 1972 ஆகஸ்ட் 15. மயிலாப்பூரின் அந்த 4-தான் 600004 ஆயிற்று, தியாகராய நகரின் 17 தான் 600017. பழைய பழக்கத்தில் அதற்கப்புறமும் பல வருஷம் வெறும் 17 எழுதியவர்கள் உண்டு, அதனால் இதை மட்டும் நம்பிவிடக் கூடாது.

1971 நவம்பர் கடைசியில் தபாலில் சேர்த்த ஒரு கவர் என்னிடம் இருக்கிறது. வழக்கமான ஸ்டாம்போடு ஐந்து பைசாவுக்குக் குடும்பக் கட்டுப்பாட்டு ஸ்டாம்பு ஒன்று கூடுதலாக ஒட்டி, அதன் மேல் அகதிகள் நிவாரணம் என்று ஆங்கிலத்தில் கோணலாக ரப்பர் முத்திரை. கிழக்கு வங்காளத்திலிருந்து வந்த அகதிகளுக்காக அந்த நவம்பர் 15 முதல் 1973 மார்ச் 31 வரை ஐந்து பைசா கூடுதல் வரி வாங்கினார்கள். முறையாக அச்சடித்தது எல்லா ஊருக்கும் போய்ச் சேரும் முன் பல ஊர்களில் தாங்களே முத்திரை செய்து குத்திக்கொண்டார்கள். அந்த ஊதா மை இன்னும் பளிச்சென்று இருக்கிறது.

நம் ஊர்க் கார்டுகளில் நடுவில் ஒரு ஓட்டை இருக்கும். கடுதாசி கம்பியில் குத்தித் தொங்கவிட்டது. விற்பவர்கள் இதைச் சேதாரம் என்று விலையைக் குறைப்பார்கள், கண்காட்சிக்கு வைக்கிறவர்கள் ஒதுக்கிவிடுவார்கள். எனக்கு ஓட்டை உள்ள கார்டுதான் வேண்டும். அது ஒரு வீட்டில் வாழ்ந்த கார்டு. நாலு மூலையில் மஞ்சள் தடவிய கல்யாணக் கார்டு, கவர் எல்லாம் நிறையக் கிடைக்கும். கறுப்பு மை தடவிய சாவுச் செய்திக் கார்டு கிடைப்பது அபூர்வம், ஏனென்றால் படித்த கையோடு கிழித்துப் போட்டுவிடுவார்கள், வீட்டுக்குள் வைத்திருக்க மாட்டார்கள். இருபது வருஷத்தில் என்னிடம் சேர்ந்தது இரண்டே இரண்டு. அவற்றைத் தனி உறையில் வைத்திருக்கிறேன்.

ஏமாந்ததும் உண்டு. மூன்று வருஷத்துக்கு முன் இணையத்தில் ஒரு கவருக்கு 1,800 ரூபாய் கொடுத்தேன். 1936 தேதியிட்ட சின்ன ஊர் முத்திரை, அழகாக முழு வட்டமாக விழுந்திருந்தது. வந்த பிறகுதான் ஸ்டாம்பை நிதானமாகப் பார்த்தேன், ஆறாம் ஜார்ஜ். அவர் தலை போட்ட இந்திய ஸ்டாம்பு 1937-ல்தான் வெளிவந்தது. யாரோ முத்திரை செய்து குத்தியிருக்கிறார்கள். விற்றவர் பணத்தைத் திருப்பித் தரவில்லை. முத்திரை ரொம்ப அழகாக இருந்தால் முதலில் சந்தேகப்படுங்கள், தேதியை ஸ்டாம்போடும் விலையோடும் ஒட்டிப் பாருங்கள்.

பாதுகாப்பு பற்றி நிறையப் பேர் கேட்கிறார்கள். லாமினேட் செய்யாதீர்கள், செலோடேப் ஒட்டாதீர்கள், நாற்றமடிக்கும் பிவிசி உறையில் போடாதீர்கள். பாலியெஸ்டர் உறை நல்லது. நம் ஊர் ஈரத்துக்கு ராமபாணப் பூச்சி வராமல் இருக்க மாதம் ஒருமுறை எடுத்துக் காற்றாட வைத்தாலே போதும்.

கடைசியாக அந்த ஒற்றைக் கார்டு. கவர்களில் 1940-க்குப் பிறகு வந்தவற்றின் ஓரத்தைக் கிழித்துப் படித்துவிட்டு, தணிக்கை அதிகாரி திறந்தது என்று அச்சிட்ட சீட்டை ஒட்டி மூடியிருக்கிறார்கள். யுத்தக் காலம். கடைசிக் கவர் 1941 நவம்பர். டிசம்பர் 23 அன்று ரங்கூனில் ஜப்பான் குண்டு போட்டது, 1942 மார்ச்சில் ஊரே விழுந்தது. லட்சக்கணக்கான இந்தியர்கள் கிளம்பினார்கள், கப்பலில் இடம் கிடைக்காதவர்கள் அரக்கான் வழியாகவும் மணிப்பூர் வழியாகவும் காட்டிலும் மலையிலும் நடந்தார்கள். வழியில் காலராவிலும் பசியிலும் செத்தவர்கள் ஏராளம். அந்தக் கார்டில் இந்திய ஸ்டாம்புதான் அச்சாகியிருக்கிறது. முத்திரை சிட்டகாங். அரக்கான் வழியாக நடந்து வந்தவர்கள் இந்தியாவுக்குள் வந்து சேர்ந்த ஊர். அதே கையெழுத்து, ஆனால் பென்சிலில். மேலே பிள்ளையார் சுழி போட்டு மூன்றே வரி: "நான் சௌக்கியம். நம்மூர்க்காரர்கள் நாலு பேர் கூட இருக்கிறார்கள். பணம் கிடைத்ததும் ரயில் ஏறுகிறேன்." நடுவில் கம்பி ஓட்டை, சௌக்கியம் என்ற எழுத்துக்கு ஒரு நூல் பக்கத்தில்.

தேதியில் 42 என்று வருஷம் தெரிகிறது. மாதத்தின் முதல் எழுத்து எம். அது மார்ச்சா, மே மாதமா என்று டார்ச் வெளிச்சத்தில் நாலு முறை பார்த்துவிட்டேன், மீதி எழுத்துகள் கார்டின் ஓரத்தைத் தாண்டிப் போயிருக்கின்றன. பின்பக்கம் தேவகோட்டை முத்திரையின் மேல் ஒரு எண்ணெய்க் கறை. இந்த வாரம் நண்பர் ஒருவர் அகச்சிவப்புக் கேமரா கொண்டுவருவதாகச் சொல்லியிருக்கிறார். அதில் தெரிந்தால் இங்கேயே எழுதுகிறேன்.