அந்தக் குரல் எந்தத் தமிழில் பேச வேண்டும்?

எட்டாம் வகுப்பில் டிஜிட்டல் கதைசொல்லலைத் தொடங்கியபோது, காணொளித் தொகுப்புச் செயலியைக் கற்பிப்பதுதான் பெரும்பாடாக இருக்கும் என்று எண்ணியிருந்தேன். மாணவர்கள் அதை ஒரே பாடவேளையில் பழகிக்கொண்டு எனக்கும் சொல்லிக் கொடுத்துவிட்டார்கள். சிக்கல் குரல்பதிவில் வந்தது.

1990களில் கலிபோர்னியாவில் ஜோ லாம்பர்ட், டேனா அட்ச்லி முதலியோர் நடத்திய பட்டறைகளில் உருப்பெற்ற முறை டிஜிட்டல் கதைசொல்லல். தம் வாழ்வில் நடந்த ஒன்றை எழுதி, தம் குரலிலேயே பதிவுசெய்து, சில நிழற்படங்களைக் கோத்து இரண்டு மூன்று நிமிடப் படமாக்க வேண்டும். 2001இல் வேல்ஸில் பிபிசி இம்முறையைப் பொதுமக்களிடம் கொண்டு சென்றபோது, ஒரு கதைக்கு ஏறத்தாழ 250 சொற்கள் என்பது கணக்கு. தமிழ்ச் சொற்கள் நீளமானவை. இரண்டு நிமிடத்தில் அத்தனையையும் சொன்னால் மூச்சு முட்டும் என்பதால் நான் 150 ஆகக் குறைத்துக்கொண்டேன்.

ஒரு மாணவி தன் தந்தையின் பஞ்சர் கடையைப் பற்றி எழுதியிருந்தாள். "என் தந்தையார் சக்கரத்தைக் கழற்றி" என்று தொடங்கிய அந்தக் கதையைச் செய்தி வாசிப்பவரைப் போலப் பிழையின்றி வாசித்தாள்; அதில் தந்தையும் இல்லை, கடையும் இல்லை. குறிப்பேட்டை மூடச் சொல்லிவிட்டு, கடையில் நீ என்ன செய்வாய் என்று மட்டும் கேட்டேன். "டியூபத் தண்ணில அமுக்குனா ஓட்ட இருக்குற எடத்துல முட்ட முட்டயா வரும், அதப் பாத்துச் சொல்றது நாந்தான்" என்றாள். கைப்பேசி பதிவுசெய்துகொண்டுதான் இருந்தது. அதையே வைத்துக்கொண்டோம்; நீர் கொப்பளிக்கும் ஓசையை மறுநாள் கடையிலேயே பதிவுசெய்து வந்தாள். திரைப்பாட்டு சேர்க்கலாமா என்ற கோரிக்கையை மறுத்துவிட்டேன்.

தமிழ் வகுப்பில் கொச்சையைப் பதிவுசெய்வதா என்று சக ஆசிரியர் ஒருவர் வருந்தினார். தேர்வை எழுத்துத் தமிழில்தானே எழுத வேண்டும் என்ற அவரது கவலையைப் புறந்தள்ள முடியவில்லை. ஆகவே, குரல் பேச்சுத் தமிழில் இருக்கட்டும், திரையின் அடியில் ஓடும் எழுத்து எழுத்துத் தமிழில் இருக்கட்டும் என்று முடிவுசெய்தேன். அந்த மாற்றமே ஆண்டின் சிறந்த இலக்கணப் பாடமாக அமைந்தது. "தண்ணில" என்பதில் எந்த எழுத்துகள் மறைந்தன, "அமுக்குனா" எப்படி "அமுக்கினால்" ஆகிறது, "எடம்" என்று ஒலிப்பதை ஏன் "இடம்" என்று எழுதுகிறோம் என்று தம் குரலைத் தாமே நிறுத்தி நிறுத்திக் கேட்டு வாதாடினார்கள். வேற்றுமை உருபுகளைக் கரும்பலகையில் நடத்தியபோது இந்தச் சூடு ஒருநாளும் இருந்ததில்லை.

"முட்டை" வந்தபோது, "குமிழி" என்று போடலாமே என்றேன். குமிழி சோப்பில் வருவது, டியூபில் வருவது முட்டைதான் என்று அவள் விட்டுக்கொடுக்கவில்லை. படத்தின் அடியில் இப்போதும் முட்டை என்றே ஓடுகிறது.