வொல்காக் கரையிலிருந்து வந்த இரண்டு சனங்கள்

வீடு வீடாகப் போய் முதியவர்களைப் பராமரிப்பது என் வேலை. மியூனிக் நகரின் வடக்கு ஓரம் என் பகுதி: ஹாசன்பேர்கல், மோசாக், லூட்விக்ஸ்ஃபெல்ட். காலையில் இன்சுலின் ஊசி, வீங்கிய கால்களுக்கு இறுக்கமான காலுறை, குளிப்பாட்டுதல், ஒரு வாரத்துக்கான மாத்திரைகளைப் பெட்டியில் பிரித்து வைத்தல். ஒரு வீட்டில் இருபது நிமிடம், இன்னொரு வீட்டில் முக்கால் மணி நேரம். வருடக்கணக்காக ஒரே வீட்டுக்குப் போனால், துண்டு துண்டாகக் கேட்டதெல்லாம் சேர்ந்து ஒரு முழு வாழ்க்கை ஆகிவிடும்.

அப்படிச் சேர்ந்தவற்றில் இரண்டு சனங்களின் கதைகள் என்னை விடாமல் யோசிக்க வைத்தன. ஒரு சனம், ரஷ்யாவிலிருந்தும் கசகஸ்தானிலிருந்தும் 1990களில் வந்து சேர்ந்த ஜேர்மன் வம்சாவளியினர். மற்றது, லூட்விக்ஸ்ஃபெல்ட் குடியிருப்பில் 1950களிலிருந்து வாழும் கல்மிக் குடும்பங்கள். கல்மிக்குகள் மங்கோலிய இனத்தவர். மொழியும் மங்கோலியக் குடும்பத்தைச் சேர்ந்தது, சமயம் திபெத்திய வழிப் பௌத்தம். நான் பார்க்கும் ஜேர்மன் வம்சாவளியினரில் பலரின் பாட்டன் பூட்டன்மாரும் இந்தக் கல்மிக்குகளின் முன்னோரும் ஒரே ஆற்றங்கரைக்காரர். வொல்கா ஆறு.

எங்கள் நிறுவனத்தில் யாழ்ப்பாணத்திலிருந்து திருமணமாகி வந்த ஒரு பிள்ளை வேலை செய்கிறாள். பழக்குவதற்காக அவளை என் காரில் கூட்டிப் போன காலத்தில் ஒருநாள் கேட்டாள்: "அக்கா, இந்த ரஷ்ய ஜேர்மன்காரர் வெறுங்கையோட வந்து வீடு கட்டி, பிள்ளையளைப் படிப்பிச்சு நல்லா வந்திட்டினம். ஜேர்மன் ரத்தம் எண்டபடியால்தானே?" நான் சொன்னேன்: "ரத்தம் இல்லையம்மா, கடதாசி." அவளுக்கு அப்போது சுருக்கமாகச் சொன்னதை இங்கே விரிவாக எழுதுகிறேன். ஏனென்றால் ரத்தத்தைப் பற்றிய இந்தப் பேச்சை ஜேர்மன்காரர் வாயிலிருந்தும் எங்கள் சனத்தின் வாயிலிருந்தும் அடிக்கடி கேட்கிறேன். கேட்கும்போதெல்லாம் மனம் பொறுப்பதில்லை.

கல்மிக்குகள் வொல்காவின் கீழ்ப்பகுதிக்கு வந்தது 1630களில். சீனாவின் வடமேற்கில் இன்று இருக்கும் சுங்காரியாப் புல்வெளியிலிருந்து ஆடு, குதிரை, ஒட்டகங்களோடு மேற்கே வந்த ஒய்ராத் மங்கோலியர்கள் அவர்கள். ஜார் அரசுக்குத் தெற்கு எல்லையைக் காக்கும் குதிரைப்படையாக இருந்தார்கள். ஜேர்மன்காரர் வந்தது ஒரு நூற்றாண்டுக்கும் மேலாகப் பிந்தி. ஜேர்மனியில் பிறந்த பேரரசி இரண்டாம் கத்தரின் 1763 ஜூலையில் ஓர் அழைப்பாணை விட்டார்: வாருங்கள், நிலம் தருகிறேன், 30 வருடம் வரி இல்லை, படையில் சேர வேண்டாம், உங்கள் சமயம் உங்களுக்கு, உங்கள் ஊரை நீங்களே ஆளலாம். 1767-க்குள் சுமார் 30,000 பேர் வந்து, நூற்றுக்கு மேற்பட்ட ஊர்களை வொல்காக் கரையில் அமைத்தார்கள்.

அரசி கொடுத்த நிலம் வெறும் நிலமா? அதில் ஒரு பகுதி கல்மிக்குகளின் மேய்ச்சல் நிலம். மேய்ச்சல் சுருங்கியது, கான் என்ற அவர்களுடைய மன்னரின் ஆட்சியில் ரஷ்ய அதிகாரிகள் தலையிட்டார்கள், போருக்குப் போருக்கென்று ஆட்களைக் கேட்டார்கள். 1771 ஜனவரியில் உபாஷி கான் ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்டோரை அழைத்துக்கொண்டு சுங்காரியாவுக்கே திரும்பிப் புறப்பட்டார். குளிரிலும் பசியிலும் வழித்தாக்குதல்களிலும் பெரும்பாலானோர் செத்துப்போனார்கள். அந்தக் குளிர்காலத்தில் வொல்கா சரியாக உறையாததால், ஆற்றைக் கடக்க முடியாமல் மேற்குக் கரையில் நின்றுவிட்டவர்களின் வழிவந்தவர்கள்தான் இன்றைய கல்மிக்குகள்.

இடையில் ஒரு விஷயம், எனக்குப் பிடித்தது என்பதால் சொல்கிறேன். ஹெர்ன்ஹூட் கிறிஸ்தவச் சபையினர் 1765-இல் சரேப்தா என்ற ஊரை, இன்றைய வொல்காகிராத் நகரின் எல்லைக்குள், கல்மிக்குகளுக்கு நற்செய்தி சொல்லவென்றே நிறுவினார்கள். மதம் மாறியவர்கள் மிகக் குறைவு; சரேப்தா பிறகு கடுகுக்குத்தான் பேர்போனது. ஆனால் அங்கே வேலைக்கு வந்த ஐசக் யாக்கோப் ஷ்மிட் என்பவர் கல்மிக்குகளோடு பழகி அவர்கள் மொழியைக் கற்றார். 1831-இல் மங்கோலிய மொழி இலக்கண நூலை வெளியிட்டவர் அவரே. இரண்டு சனமும் பக்கத்துப் பக்கத்தில் வாழ்ந்ததில் இப்படியும் ஒன்று நடந்திருக்கிறது.

பிறகு வந்தது ஸ்டாலின் காலம். 1941 ஆகஸ்ட் 28 ஆணைப்படி வொல்கா ஜேர்மன்காரர் முழுப் பேரும் எதிரிக்கு உதவக்கூடியவர்கள் என்று குற்றம் சாட்டப்பட்டு, சைபீரியாவுக்கும் கசகஸ்தானுக்கும் ஏற்றப்பட்டார்கள். ஆண்களும் பிறகு பெண்களும் கட்டாய உழைப்புப் படைக்குப் போனார்கள். கல்மிக்குகளின் முறை 1943 டிசம்பர் 28. உறைபனிக் காலம், மாடு ஏற்றும் பெட்டிகள் கொண்ட ரயில்கள், 90,000-க்கும் மேற்பட்ட மக்கள். 1939 கணக்கெடுப்பில் சோவியத் நாட்டில் 1,34,000 கல்மிக்குகள் இருந்தார்கள். இருபது வருடம் கழித்து, 1959-இல், 1,06,000. 1948-இல் இன்னோர் ஆணை வந்தது: நாடுகடத்தல் நிரந்தரம், குறித்த இடத்தை விட்டுத் தப்பினால் 20 வருடக் கடின உழைப்பு. இரண்டு சனத்துக்கும் அதே ஆணை, அதே தண்டனை.

ஸ்டாலினுக்குப் பிறகுதான் பாதைகள் பிரிகின்றன. கல்மிக்குகளின் தன்னாட்சிப் பகுதி 1957-இல் திருப்பிக் கொடுக்கப்பட்டது, ஊர் திரும்பினார்கள். ஜேர்மன்காரருக்கு 1955-இல் காவல் கட்டுப்பாடு நீங்கியது, 1964-இல் குற்றச்சாட்டு நீங்கியது, 1972-இல்தான் விரும்பிய இடத்தில் வாழும் உரிமை. முன்பு அவர்களுக்கென்று இருந்த வொல்காக் குடியரசு மட்டும் திரும்பி வரவே இல்லை. அந்த நாளில் யாராவது ஒப்பிட்டிருந்தால், மங்கோலியரே அதிர்ஷ்டசாலிகள் என்று சொல்லியிருப்பார்கள். சோவியத் நாடு உடைந்ததும் எல்லாம் தலைகீழானது. கல்மிக்குகளுக்கு இருந்தது வறண்ட புல்வெளிக் குடியரசு. அளவுக்கு மிஞ்சி ஆடு மேய்த்தும் உழுதும் ஒரு பகுதி மணல் காடாகிவிட்ட மண். இளைஞர்கள் மொஸ்கோவுக்கு வேலை தேடிப் போகிறார்கள். ஜேர்மன்காரருக்கோ மேற்கே ஒரு பணக்கார நாடு, "நீ எங்கள் ஆள்" என்று சட்டம் எழுதி வைத்துக் காத்திருந்தது. அரசியல் சட்டத்தின் 116-ஆம் பிரிவும் 1953-இல் வந்த அகற்றப்பட்டோர் சட்டமும் அவர்களுக்குக் குடியுரிமை கொடுத்தன. 1994-இல் மட்டும் முன்னாள் சோவியத் நாடுகளிலிருந்து 2 லட்சத்துக்கும் மேற்பட்டோர் வந்தார்கள். மொத்தத்தில் இருபது லட்சத்தைத் தாண்டும்.

நான் பராமரிக்கும் ஓர் ஐயா, கசகஸ்தானில் அரசுப் பண்ணையின் வேளாண் அதிகாரியாக இருந்தவர். 1997-இல் ஐம்பது வயது தாண்டி வந்தார். அவருடைய படிப்புச் சான்றிதழ் இங்கே எடுபடவில்லை. இரவில் அலுவலகங்களைத் துப்புரவு செய்தார். பள்ளி ஆசிரியையாக இருந்த மனைவியும் அதே வேலை. அவருடைய அலமாரியில் ஒரு தடித்த கோப்பு. அதற்குள் பிளாஸ்டிக் உறையில் ஓரம் கிழிந்த சிறு புத்தகம், சோவியத் தொழிலாளர் பதிவேடு. ஒவ்வொரு வரியிலும் வேலைக்குச் சேர்ந்த தேதி, பதவி, எந்த உத்தரவின்படி என்ற எண், மேலே முத்திரை. நான் காலுறை மாட்டிக்கொண்டிருக்கும்போது அவர் அதைப் பிரித்து, ஒரு முத்திரையைத் தொட்டுக் காட்டி, "இந்த வருடம் மழையே இல்லை, ஆனாலும் கோதுமை எடுத்தோம்" என்பார்.

அந்தப் புத்தகத்தை வைத்துத்தான் ஜேர்மன் ஓய்வூதிய அலுவலகம் அவருடைய பழைய வருடங்களைக் கணக்கிட்டது. வெளிநாட்டில் உழைத்ததை இங்கே உழைத்ததுபோல எடுத்துக்கொள்ளும் சட்டம் இருக்கிறது. வேறு எந்தக் குடிவரவாளருக்கும் எளிதில் கிடைக்காத சலுகை. ஆனால் ஆட்கள் கூடக் கூட அதை வெட்டினார்கள். 1996-இல் மதிப்பை 40 சதவீதம் குறைத்தார்கள். அந்த மே மாதத்துக்குப் பிறகு வந்தவர்களுக்கு உச்சவரம்பும் வைத்தார்கள்: அங்கே எத்தனை வருடம் உழைத்திருந்தாலும் தனி ஆளுக்கு 25 புள்ளி, தம்பதிக்கு 40. சராசரிச் சம்பளக்காரருக்கு இங்கே ஒரு வருட உழைப்பு ஒரு புள்ளி. 2025 ஜூலையில் ஒரு புள்ளிக்கு மாதம் 40.79 யூரோ என்று இருந்தது. அந்தக் கணக்கில் 25 புள்ளிக்கு 1,020 யூரோ அளவில் வந்தது, அதிலும் மருத்துவக் காப்பீடு கழியும். மியூனிக்கில் அது வாடகைக்கே காணாது.

இப்போது லூட்விக்ஸ்ஃபெல்டில் இருக்கும் கல்மிக் அம்மாவைப் பற்றிச் சொல்கிறேன். உள்நாட்டுப் போரில் தோற்று 1920-இல் ரஷ்யாவை விட்டு ஓடிய கல்மிக்குகளில் பலர் பெல்கிரேட் நகரில் தங்கினார்கள். 1929-இல் அங்கே ஒரு பௌத்தக் கோவிலே கட்டினார்கள். இந்த அம்மா அங்கே பிறந்தவர். 1944-இல் குடும்பம் ஜேர்மனிக்கு ஓடி வந்து, போர் முடிந்ததும் பவேரியாவின் அகதி முகாமில் இருந்தது. எந்த நாடும் அவர்களை எடுக்கவில்லை. அமெரிக்கச் சட்டம் அப்போது ஆசியர்களை வடிகட்டியது. 1951-இல் ஒரு கல்மிக் தம்பதி தொடுத்த வழக்கில், மூன்று நூற்றாண்டாக ஐரோப்பாவில் வாழ்ந்த இவர்கள் சட்டத்தின் கண்ணில் வெள்ளையர்தான் என்று அமெரிக்க அதிகாரிகள் முடிவு சொன்னார்கள். முகம் மாறவில்லை, ஒரு தாளில் ஒரு வரி மாறியது. சில நூறு பேர் கப்பலேறி, நியூஜெர்சியின் ஹோவெல் பகுதியிலும் பிலடெல்பியாவிலும் குடியேறினார்கள். அம்மாவின் சித்தப்பா குடும்பம் போனது. அவருடைய அப்பாவின் நெஞ்சு எக்ஸ்ரே படத்தில் காசநோய்த் தழும்பு தெரிந்ததால் இவர்களுக்கு அனுமதி இல்லை.

இங்கே தங்கியவர்களுக்கு 1951-இல் ஜேர்மன் அரசு ஒரு சட்டம் போட்டது. நாடற்ற இந்த வெளிநாட்டவர்களுக்கு வேலையிலும் சமூகக் காப்பீட்டிலும் குடிமக்களுக்கு நிகரான உரிமை. 1952, 53-இல் லூட்விக்ஸ்ஃபெல்ட் குடியிருப்பைக் கட்டினார்கள், டாஹாவ் வதைமுகாமின் கிளை முகாம் ஒன்று இருந்த நிலத்தில். தெருக்களுக்கெல்லாம் ரத்தினக் கற்களின் பெயர். அம்மா பள்ளி முடித்து, தொழிற்சாலையில் முப்பது வருடத்துக்கு மேல் வேலை செய்தார். எல்லாப் பங்களிப்பும் இங்கேயே கட்டியது, வெட்டு இல்லை, உச்சவரம்பு இல்லை. பலன், மங்கோலிய முகம் கொண்ட இந்த அம்மாவின் ஓய்வூதியம் ஜேர்மன் ரத்தம் கொண்ட அந்த ஐயாவுடையதைவிடக் கூட. அந்தப் பிள்ளையிடம் இதைத்தான் காட்டினேன். இரண்டு பேரும் ஒரேயளவு உழைத்தவர்கள்.

இன்னொரு பக்கமாகவும் பார்க்கலாம். ஒரே கல்மிக்குகள் தங்கள் குடியரசின் தலைநகர் எலிஸ்தாவில் ஒருவிதமாகவும் நியூஜெர்சியில் வேறுவிதமாகவும் வாழ்கிறார்கள். ஒரே ஜேர்மன் வம்சாவளியில், வந்தவர்களும் கசகஸ்தானில் நின்றுவிட்டவர்களும் வேறு வேறு நிலையில் இருக்கிறார்கள். வந்தவர்களிலும் பத்து வயதில் வந்த பேரன் பொறியியலாளர், ஐம்பதில் வந்த தாத்தா துப்புரவாளர். இனத்தின் குணம் என்றால் இப்படிப் பிரியுமா? எந்த வருடம், எந்த வயதில், எந்தச் சட்டத்தின் கீழ் வந்தாய் என்பதே தீர்மானித்திருக்கிறது. எனக்கே தெரியும். 1987-இல் இங்கே அகதி விண்ணப்பக்காரருக்கு ஐந்து வருட வேலைத் தடை போட்டார்கள்; 1991-இல்தான் எடுத்தார்கள். அதற்குள் வந்து விழுந்த எங்கள் சனம் சும்மா இருந்து தின்கிறது என்று பேச்சு வாங்கியது. உழைக்க விடாமல் வைத்துவிட்டு உழைக்கவில்லை என்றார்கள்.

மொழி விஷயத்தில் மட்டும் இரண்டு சனத்துக்கும் ஒரே இழப்பு. சைபீரியாவில் ஜேர்மன் பேசினால் பாசிஸ்ட் என்றார்கள், கல்மிக் பேசினால் துரோகி என்றார்கள். பிள்ளைகள் ரஷ்ய மொழிக்கு மாறினார்கள். கல்மிக் மொழி இன்று அழியும் மொழிகளின் யுனெஸ்கோ பட்டியலில் இருக்கிறது. ஐயா மாத்திரைகளை ரஷ்ய மொழியில்தான் எண்ணுகிறார். அங்கே ஜேர்மன்காரர், இங்கே ரஷ்யர் என்று இரண்டு இடத்திலும் அந்நியராகிவிட்டார். கல்மிக் அம்மாவுக்கு உப்பும் வெண்ணெயும் சாதிக்காயும் போட்ட பால் தேநீர் மறக்கவில்லை, எனக்கும் ஊற்றித் தருவார். பேரப்பிள்ளைகளோடு பேசுவது ஜேர்மனில்.

போன வருடம் எங்கள் நிறுவனத்தில் உதவியாளர் பயிற்சிக்கு இரண்டு இளம் பெண்கள் சேர்ந்தார்கள். இருவரும் ரஷ்யாவிலிருந்து, 2022 செப்டம்பர் படைத்திரட்டலுக்குப் பிறகு வெளியேறிய குடும்பங்கள். ஒருத்தி ஜேர்மன் வம்சாவளி. பழைய ஆவணத்தில் இனம் ரஷ்யர் என்று பதிந்திருந்த பலரின் விண்ணப்பங்கள் நிராகரிக்கப்பட்டு, 2023 டிசம்பரில் சட்டத்தைத் திருத்திய பிறகுதான் அவள் குடும்பத்துக்கும் வழி திறந்தது. இன்று குடியுரிமை கையில். மற்றவள் எலிஸ்தாவைச் சேர்ந்த கல்மிக். போரை வெளிப்படையாகக் கண்டித்த அங்கத்தைய தலைமை லாமாவையே ரஷ்யா அந்நிய முகவர் என்று அறிவித்த காலத்தில் வெளியேறியவள். அகதி விண்ணப்பம் போட்டுக் காத்திருக்கிறாள். இருவருக்கும் ஒரே சம்பளம், ஒரே சீருடை. நோயாளியைப் படுக்கையில் திருப்பும் கைப்பக்குவம் கல்மிக் பிள்ளைக்குத்தான் நன்றாக வருகிறது. அவளுடைய விசாரணைக்காக, அவளது வேலையைப் பற்றி நிறுவனம் கொடுக்கும் கடிதத்தை எழுதும் பொறுப்பு என்னிடம் வந்தது. பார்த்ததைப் பார்த்தபடி இரண்டு பக்கம் எழுதி, கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறேன்.