ஜூன் மாதம், அவன் முகம் பார்க்கும் வரை

ஜூன் 3, செவ்வாய்
தூக்கத்தில் உதட்டைக் கோணி ஒரு சிரிப்பு சிரித்தான் பிள்ளை. "நரி விரட்டுது" என்றாள் அம்மா. இது கணக்கில் சேராது. விழித்திருக்கும்போது முகம் பார்த்துச் சிரித்தால்தான் கணக்கு.

ஜூன் 4, புதன்
எட்டு வாரம் முந்திக்கொண்டு வந்தவன். அந்த எட்டைக் கழித்துத்தான் வயது பார்க்க வேண்டுமாம். கழித்தால் ஆறு வாரம். முகச்சிரிப்பு ஆறுக்கும் எட்டுக்கும் நடுவில் வரும், அவசரப்படாதீங்க என்கிறார் டாக்டர். சரி. எதிர்வீட்டு அக்காவிடம் இந்தக் கழித்தல் கணக்கை யார் சொல்வது?

ஜூன் 6, வெள்ளி
இன்றும் இல்லை.

ஜூன் 8, ஞாயிறு
ராத்திரிப் பால் கொடுக்கும்போது போனில் படித்தது. எட்வர்ட் ட்ரோனிக் என்ற அமெரிக்க உளவியலாளர் 1970களில் செய்த சோதனை. கொஞ்சிக்கொண்டிருக்கும் அம்மா சட்டென்று முகத்தைக் கல்லாக்கிக்கொள்வாள். சில நிமிடம்தான். பிள்ளை முதலில் சிரித்து இழுத்துப் பார்க்கும், அப்புறம் முகத்தைத் திருப்பிக்கொள்ளும், அழும். படித்ததிலிருந்து என் முகமே எனக்குப் பாரமாக இருக்கிறது. அரைத்தூக்கத்தில் பால், அழுதுகொண்டே துணி மடிப்பு. இவன் பார்ப்பது எப்போதும் அந்தக் கல்முகத்தைத்தானோ? பாத்ரூம் கண்ணாடியில் சிரித்துப் பார்த்தேன். ரேஷன் கார்டு போட்டோ மாதிரி இருந்தது.

அதே மனிதர் இன்னொன்றும் கண்டிருக்கிறார்: நல்லபடி இருக்கும் தாய்க்கும் பிள்ளைக்குமே பாதி நேரத்துக்கு மேல் சுருதி சேர்வதில்லை. விட்டுப்போய் மறுபடி சேர்வதில்தான் பிள்ளை தேறுகிறதாம். இதை முதலில் போட்டுத் தொலைத்தால் என்ன?

ஜூன் 9, திங்கள்
தூங்கும்போது கை வெட்டி வெட்டி இழுக்கிறது. பெரும்பாலும் ஒன்றுமிருக்காதாம். இருந்தாலும் இஇஜி, மூளை அலைகளைப் பதிவு செய்யும் சோதனை.

ஜூன் 10, செவ்வாய்
தலையில் எண்ணெய் கூடாது, தூங்கவிடாமல் கூட்டி வாங்க என்றிருந்தார்கள். விடிகாலையிலேயே அம்மா தேங்காயெண்ணெய் தடவிவிட்டாள். மறுபடி ஷாம்பு, மறுபடி அலறல். அந்தப் பெண் பசை வைத்து ஒவ்வொரு வயராக ஒட்டினாள். உச்சிக்குழி பக்கம் மட்டும் விரல் மெதுவானது. "பால் குடுங்கக்கா, தம்பி தூங்கட்டும்." திரையில் கோடுகள் ஓடின. நம்முடையதைவிட மெதுவான அலைகளாம். நான் பேசினால் கோடு மாறுமா என்று கேட்க வாய் வரை வந்தது. கேட்கவில்லை.

ஜூன் 11, புதன்
ருமேனியாவில், புகாரெஸ்டில், அனாதை இல்லக் குழந்தைகள் 136 பேர். பாதிப் பேரை வளர்ப்பு வீடுகளுக்கு அனுப்பினார்கள். இரண்டு வயதுக்குள் போனவர்களின் மூளை அலைகள், அவர்களுக்கு எட்டு வயதானபோது, பெற்றோரிடம் வளர்ந்த பிள்ளைகளுடையதைப் போலவே இருந்தனவாம். தாமதமாகப் போனவர்களுக்கு அப்படி இல்லை. இவன் கண்ணாடிப் பெட்டியில் கிடந்ததை இதோடு ஒப்பிடக் கூடாது. ஒப்பிட்டுக்கொண்டுதான் இருக்கிறேன்.

ஜூன் 12, வியாழன்
சிரித்தான்! நன்றாக விழித்துக்கொண்டு, பொக்கை வாய் முழுக்க. ஃபேனைப் பார்த்து. கரண்ட் இல்லை, அது ஓடக்கூட இல்லை. நான் குனிந்ததும் நிறுத்திவிட்டான்.

ஜூன் 13, வெள்ளி
ரிப்போர்ட் திங்கள்கிழமைதானாம். போன் போட்டதற்கு, "டாக்டர் பார்த்துத்தான் சொல்லணும்க்கா." ஃபேனை மறைத்துக்கொண்டு குனிந்து கொஞ்சியதில் கழுத்து வலிதான் மிச்சம்.