சிகரெட்டைக் கேட்டார்கள், வேலையைக் கேட்கவில்லை

மலேசியாவின் பேராக்கில் உள்ள எங்கள் சுங்கை சிப்புட்டில் மூச்சு வாங்கும் பெரியவர் எவராவது கிளினிக்குக்குப் போனால் முதல் கேள்வி, "சிகரெட் பிடிப்பீங்களா?" என்பதுதான். ஆமாம் என்றால் போதும், விசாரணை முடிந்தது. எந்த ஆலையில் என்ன வேலை பார்த்தீர்கள் என்று கேட்பவர்கள் அபூர்வம்.

பக்கத்து வீட்டு மாமா செம்பனை எண்ணெய் ஆலையில் ஃபிட்டராக இருந்தவர். எழுபதுகளின் கடைசியில் சேர்ந்து தொண்ணூறுகளில் நின்றார். பாய்லரை இன்ஸ்பெக்‌ஷனுக்காக நிறுத்தும்போதெல்லாம் இவருக்குத்தான் வேலை. நீராவிக் குழாய்களின் மேல் இறுகிப்போன பழைய பூச்சைச் சுத்தியலால் தட்டி உடைக்க வேண்டும். அப்புறம் புதுப் பூச்சு. "சாக்குல வரும் தம்பி, கோதுமை மாவு மாதிரி. வாளியில கொட்டித் தண்ணி ஊத்திப் பிசைஞ்சு, கையாலயே அப்புவோம்" என்றார். பாய்லர் கதவுக்கு வைக்கும் கயிறு, குழாய் மூட்டுக்கு வெட்டும் கேஸ்கெட் தகடு, எல்லாமே அஸ்பெஸ்டாஸ், அதாவது கல்நார். முகத்துக்கு ஒரு துண்டு கூடக் கிடையாது. அந்தச் சட்டையை வீட்டில் உதறித் துவைத்தது அத்தை.

அஸ்பெஸ்டாஸ் இழை கண்ணுக்குத் தெரியாது. உள்ளே போனால் நுரையீரலிலேயே தங்கிவிடும். பல வருடம் சுவாசித்தவர்களுக்கு நுரையீரல் தழும்பேறி இறுகுவது அஸ்பெஸ்டாசிஸ். நுரையீரல் புற்றுநோயும் வரலாம். நுரையீரலைச் சுற்றிய சவ்வில் வரும் மீசோதீலியோமா என்ற புற்றுநோய் வெளியே தெரிய 20 முதல் 50 வருடம் கூட ஆகலாம். துணி துவைத்த மனைவிமாருக்கும் அது வந்திருக்கிறது. சிகரெட் பிடித்தவர் என்பதால் அஸ்பெஸ்டாஸ் நிரபராதி ஆகிவிடாது. இரண்டும் சேர்ந்தால் நுரையீரல் புற்றுநோய் அபாயம் பல மடங்காகிறது. டாக்டரிடம் இரண்டையும் சொல்லுங்கள்.

மாமாவுக்கு ஸ்கேன் எடுத்த நெஞ்சு நிபுணர்தான் வேலையைப் பற்றிக் கேட்ட முதல் ஆள். நோயின் பெயர் தெரிந்ததும், தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனமான சொக்சோவின் பாரம் என் ஃபோட்டோகாபி கடைக்கு வந்தது.

சொக்சோ சட்டம் 1969ஆம் ஆண்டினுடையது. அதன் ஐந்தாம் அட்டவணையில் தொழில்சார் நோய்கள் இருக்கின்றன, அஸ்பெஸ்டாஸால் வருவதும் உண்டு. அட்டவணையில் உள்ள வேலையில் இருக்கும்போதோ, விட்டு 60 மாதத்துக்குள்ளோ நோய் வந்தால், வேலையால் வந்தது என்றே எடுத்துக்கொள்வார்கள். இல்லை என்பவர் நிரூபிக்க வேண்டும். ஐந்தே வருடம்! இருபது வருடம் கழித்து எட்டிப்பார்க்கும் நோய்க்கு இது என்ன கணக்கோ, எழுதியவர்களுக்கே வெளிச்சம். அந்தக் கெடு தாண்டியவருக்கு அந்தச் சலுகை இல்லை. வேலைக்கும் நோய்க்கும் உள்ள தொடர்பை அவர்தான் காட்ட வேண்டும்.

"கம்பெனி மேல கேஸ் போடலாமா?" என்று மாமாவின் மகன் கேட்டான். சொக்சோவில் காப்புறுதி உள்ள தொழிலாளி, வேலையில் வந்த பாதிப்புக்காக முதலாளியிடம் நஷ்டஈடு கேட்க அதே சட்டத்தின் 31ஆம் பிரிவு குறுக்கே நிற்கிறது. சந்தா கட்டப்படாத குத்தகை ஆட்களின் கதை வேறு. அவர்கள் வழக்கறிஞரைப் பார்க்க வேண்டும், தாமதிக்காமல். தீபகற்ப மலேசியாவில் இத்தகைய வழக்குக்குப் பொதுவான காலக்கெடு 6 வருடம்.

ஆக, தடயம்தான் எல்லாமே. மாமாவின் ஆலையை இடித்து இரும்புக்குப் போட்டாயிற்று. தோட்டம் கைமாறிவிட்டது. கணக்கு எழுதிய பழைய கிராணியும் காலமாகிவிட்டார். சேமநிதி அறிக்கையும் சொக்சோ சந்தாப் பதிவும் எந்த முதலாளியிடம், எந்த வருடம் என்று காட்டும். பாய்லர் பக்கம் நின்றதைக் காட்டாது. அதற்குக் கூட வேலை செய்தவர்கள்தான் சாட்சி. இருவரைத் தேடிப் பிடித்து, அவர்கள் வாக்குமூலத்தில் சத்தியப் பிரமாண ஆணையர் முன்னால் கையெழுத்து வாங்கினோம். ஒருவர் வரும்போது பழைய படம் ஒன்றைக் கொண்டுவந்தார். பாய்லருக்கு முன்னால் வரிசையாக ஆட்கள், மாமாவின் முழங்கை வரை வெள்ளை. அதைப் பெரிதாக்கிப் பிரிண்ட் போட்டு விண்ணப்பத்தோடு இணைத்தேன்.

சொக்சோவின் மருத்துவ வாரியத்துக்காகக் காத்திருக்கிறோம். வட்டாரத்தில் எண்ணெய் ஆலை, ரப்பர் ஆலை பாய்லர் பக்கம் வேலை செய்தவர்கள் சேமநிதி அறிக்கையை எடுத்துக்கொண்டு கடைக்கு வாருங்கள். வேலை விவரத்தை உட்கார்ந்து எழுதித் தருகிறேன், காசு வேண்டாம். ஞாயிறு கடை இல்லை.